ராபர்ட் ஓவன்

ராபர்ட் ஓவன் (மே 14, 1771 - நவம்பர் 17, 1858) வேல்சில் பிறந்த பஞ்சாலை முதலாளியும், சமூகச் சீர்திருத்தவாதியும், கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் அமைந்திருந்த நியூ லனார்க் நூற்பாலையை 1800 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் இவர் நிர்வகித்தார். வேலை நேரத்தைக் குறைத்தும், சிறு குழந்தைகளை வேலைக்குச் சேர்ப்பதை நிறுத்தியும், தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியும் ஓர் ஆலை நல்ல இலாபம் ஈட்ட இயலும் என்பதை நடைமுறையில் காட்டியவர் என்பதால், மேலாண்மை வரலாற்றில் இவருக்குத் தனி இடம் உண்டு. பணியாளர் மேலாண்மையின் தந்தை என்றும் சில நூல்கள் இவரைக் குறிப்பிடுகின்றன.

ஓவனின் வாழ்க்கையில் பெரும் வெற்றியும் பெருந்தோல்வியும் அடுத்தடுத்து வந்தன. நியூ லனார்க்கில் வெற்றி கண்ட அதே மனிதர், அதே கொள்கைகளுடன் அமெரிக்காவில் தொடங்கிய நியூ ஹார்மனி குடியிருப்பு இரண்டே ஆண்டுகளில் சிதைந்தது. நிறுவனம் ஒன்றின் செயல்திறனுக்குத் தலைவரின் நல்லெண்ணம் மட்டும் போதுமா, அன்றாட நிர்வாக நடைமுறைகளின் பங்கு எவ்வளவு என்னும் கேள்விகளை ஆராய்வோர் இவரது வாழ்க்கையை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்கு இதுவே காரணம்.

இளமைக் காலம்

ஓவன் வேல்சின் மொன்ட்கோமரிசையர் பகுதியிலுள்ள நியூடவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் செய்பவராகவும் இரும்புப் பொருள் வணிகராகவும் இருந்ததுடன், அவ்வூரின் அஞ்சல் பணியையும் கவனித்து வந்தார். ஏழு பிள்ளைகளுள் ஓவன் ஆறாமவர். உள்ளூர்ப் பள்ளியில் விரைவாகக் கற்றுத் தேர்ந்ததால், ஏழு வயதளவிலேயே மற்றச் சிறுவர்களுக்குக் கற்பிப்பதில் ஆசிரியருக்கு உதவி வந்தார். இவரது முறையான பள்ளிக் கல்வி பத்து வயதுடன் முடிவுற்றது.

பத்து வயதில் வீட்டை விட்டு இலண்டன் சென்ற ஓவன், பின்னர் லிங்கன்சையரின் ஸ்டாம்போர்டு நகரில் ஜேம்ஸ் மக்கஃபாக் என்னும் துணி வணிகரிடம் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். துணியின் தரத்தை அறிவதையும், வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் இங்குக் கற்றார். முதலாளியின் வீட்டு நூலகத்தைப் பயன்படுத்தி நிறைய வாசித்தார். பின்னர் இலண்டனில் ஒரு துணிக்கடையிலும், அதன் பின் மான்செஸ்டரில் வேறொரு கடையிலும் பணியாற்றினார்.

மான்செஸ்டரில் ஓவன்

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மான்செஸ்டர் பருத்தித் தொழிலின் தலைநகராக வளர்ந்து கொண்டிருந்தது. நூற்பு இயந்திரங்களுக்கு இருந்த தேவையைக் கண்ட ஓவன், தம் தமையனிடம் 100 பவுண்டு கடன் பெற்று, ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து அவ்வியந்திரங்களைச் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். பின்னர் அதிலிருந்து விலகிச் சிறிய அளவில் சொந்தமாக நூல் நூற்றார்.

1792 அளவில் பீட்டர் டிரிங்க்வாட்டர் என்னும் செல்வந்தர் தமது நூற்பாலைக்கு மேலாளர் தேவை என விளம்பரம் செய்தார். இருபது வயதே நிரம்பிய ஓவன் விண்ணப்பித்து, ஆண்டுக்கு 300 பவுண்டு ஊதியம் கேட்டார். அது அக்காலத்தில் பெருந்தொகை ஆகும். தம் சொந்தத் தொழிலில் அந்த அளவு ஈட்டி வந்ததைக் கணக்குப் புத்தகங்களின் வழி காட்டியதால் வேலை கிடைத்தது. ஏறத்தாழ 500 பேர் பணிபுரிந்த அந்த ஆலை முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது.

முதல் ஆறு வாரங்களுக்கு எவருக்கும் நேரடியான கட்டளை எதையும் தாம் இடவில்லை என ஓவன் தமது தன்வரலாற்றில் எழுதியுள்ளார். காலையில் அனைவருக்கும் முன்னதாக ஆலைக்கு வந்து, இரவில் பூட்டிய பின்னரே வெளியேறினார். ஒவ்வொரு பிரிவிலும் என்ன நடக்கிறது என்பதை உற்று நோக்கிய பின்னரே மாற்றங்களைச் செய்யத் தொடங்கினார். நூலின் தரம் உயர்ந்தது. அவர் ஆலையில் நூற்கப்பட்ட நுண்ணிய நூலுக்குச் சந்தையில் நல்ல விலை கிடைத்தது.

டிரிங்க்வாட்டர் இவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ள ஒப்பந்தம் செய்திருந்தார். ஆனால் தம் குடும்பத்துடன் மணவுறவு கொள்ளவிருந்த சாமுவேல் ஓல்ட்னோ என்னும் ஆலை அதிபருக்காக அந்த ஒப்பந்தத்தைக் கைவிட விரும்பினார். ஓவன் ஒப்பந்தத்தை விட்டுக்கொடுத்து வேலையிலிருந்தும் விலகினார். பின்னர் சார்ல்டன் டுவிஸ்ட் நிறுவனம் என்னும் புதிய நூற்பு நிறுவனத்தில் பங்காளியானார். இக்காலத்தில் மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தில் உறுப்பினராகிப் பல அறிஞர்களுடன் பழகினார். மனிதரின் குணத்தை அவர்கள் வாழும் சூழலே உருவாக்குகிறது என்னும் இவரது அடிப்படைக் கருத்து இக்காலத்தில் உருப்பெற்றது எனலாம்.

நியூ லனார்க் ஆலை

நியூ லனார்க் ஆலை 1785 ஆம் ஆண்டில், கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேல், நீராற்றலால் இயங்கும் நூற்பு இயந்திரத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஆர்க்ரைட் ஆகியோரால் தொடங்கப்பட்டது. கிளைடு ஆற்று அருவிகளின் நீர் விசையைப் பயன்படுத்தும் பொருட்டு இவ்விடம் தெரிவு செய்யப்பட்டது. நகரங்களிலிருந்து விலகியிருந்த பள்ளத்தாக்கு என்பதால் ஆட்கள் கிடைப்பது அரிதாக இருந்தது. எனவே தொழிலாளருக்கு வீடுகள் கட்டப்பட்டன. அத்துடன் எடின்பரோ, கிளாஸ்கோ ஆகிய நகரங்களின் ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து குழந்தைகள் அழைத்து வரப்பட்டனர்.

1799 ஆம் ஆண்டில் ஓவனும் அவரது கூட்டாளிகளும் இந்த ஆலையை 60,000 பவுண்டுக்கு வாங்கினர். இத்தொகையை ஆண்டுக்கு 3,000 பவுண்டு வீதம் 20 ஆண்டுகளில் செலுத்துவது என முடிவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று டேலின் மகள் கரோலினை ஓவன் மணந்தார். 1800 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆலை நிர்வாகத்தை ஏற்றார்.

அப்போது ஊரில் ஏறத்தாழ 2,000 பேர் இருந்தனர். அவர்களுள் சுமார் 500 பேர் ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து வந்த குழந்தைகள். டேல் அக்காலத்து முதலாளிகளுள் இரக்கமுள்ளவர் எனப் பெயர் பெற்றவர். குழந்தைகளுக்கு நல்ல உணவும் உடையும் அளித்து, மாலைப் பள்ளியும் நடத்தினார். ஆனால் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை ஆலையில் நின்ற குழந்தைகளால் அதன் பின் எதையும் கற்க இயலவில்லை. வளர்ந்தோரிடையே குடிப்பழக்கமும் ஆலைப் பொருட்களைத் திருடுவதும் பரவலாக இருந்தன என்று ஓவன் பதிவு செய்துள்ளார். டேலின் நற்பணிகள் மீதே ஓவன் தம் திட்டங்களைக் கட்டினார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மேலாண்மை நடைமுறைகள்

புதிய நிர்வாகத்தைத் தொழிலாளர்கள் ஐயத்துடனேயே பார்த்தனர். ஓவன் வேற்று நாட்டவர். ஸ்காட்லாந்து மக்களின் பேச்சும் வழக்கமும் அறியாதவர். மாற்றம் என்றாலே கூடுதல் வேலை என்று அவர்கள் அஞ்சினர். இந்நிலையில் ஓவன் மேற்கொண்ட நடைமுறைகளுள் முதன்மையானவை வருமாறு.

* பொருள் கணக்கு: திருட்டைத் தடுக்கத் தண்டனையை நாடாமல், பொருள் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கை பதியப்படும் முறையை ஏற்படுத்தினார். இதனால் இழப்பு எங்கே நேர்ந்தது என்பது உடனே தெரிந்தது.
* அமைதிக் கண்காணி: ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கமும் நான்கு வண்ணம் பூசிய சிறு மரக்கட்டை தொங்கவிடப்பட்டது. முந்தைய நாள் நடத்தை மிக நன்று எனில் வெள்ளை, நன்று எனில் மஞ்சள், சுமார் எனில் நீலம், மோசம் எனில் கறுப்பு முன்பக்கம் தெரியுமாறு வைக்கப்பட்டது. இம்மதிப்பீடு நாள்தோறும் பதிவேட்டில் எழுதப்பட்டது. மேற்பார்வையாளரின் மதிப்பீடு நியாயமற்றது எனக் கருதுபவர் நேராக ஓவனிடம் முறையிடலாம்.
* கடை: ஊரிலிருந்த சில்லறைக் கடைகள் தரமற்ற பொருளைக் கூடுதல் விலைக்கும் கடனுக்கும் விற்று வந்தன. ஓவன் பொருட்களை மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்குச் சற்று மேலாக விற்கும் கடையைத் திறந்தார். அதில் கிடைத்த சிறு இலாபம் பள்ளிச் செலவுக்குப் பயன்பட்டது.
* நோய்க்கால நிதி: தொழிலாளரின் கூலியில் அறுபதில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டு, நோயுற்றோருக்கும் முதியோருக்கும் உதவும் நிதி உருவாக்கப்பட்டது.
* வயது வரம்பு: ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து குழந்தைகளைப் பெறும் வழக்கம் நிறுத்தப்பட்டது. பத்து வயதுக்குக் குறைந்தவரை வேலைக்குச் சேர்ப்பதும் கைவிடப்பட்டது.
* வேலை நேரம்: 1816 அளவில், உணவு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 10¾ மணி நேர வேலை என்ற நிலை எட்டப்பட்டது. பிற ஆலைகளில் 13, 14 மணி நேர வேலை வழக்கமாக இருந்த காலம் அது.

இவற்றுள் அமைதிக் கண்காணி முறை மிகவும் பேசப்பட்டது. தொடக்கத்தில் கறுப்பும் நீலமுமே எங்கும் தெரிந்தன என்றும், ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளும் வெள்ளையும் மிகுந்தன என்றும் ஓவன் கூறுகிறார். ஆலைக்குள் நடந்து செல்லும்போது எவரையும் கடிந்துகொள்ளாமல் கட்டையை மட்டும் பார்த்துச் செல்வது அவர் வழக்கம். அக்காலத்து ஆலைகளில் அடியும் வசவும் சாதாரணம் என்பதை நோக்க, இது பெரிய மாற்றமே ஆகும்.

நம்பிக்கை பிறந்த நிகழ்வு

தொழிலாளரின் ஐயம் நீங்கக் காரணமாக அமைந்தது இந்த நடைமுறைகள் எதுவும் அன்று. நெப்போலியப் போர்கள் நடந்த காலத்தில் அமெரிக்க அரசு ஏற்றுமதித் தடை விதித்தது. பருத்தி வரத்து நின்று விலை மிக உயர்ந்தது. பல ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர்கள் கைவிடப்பட்டனர். நியூ லனார்க்கும் நான்கு மாதங்கள் நூற்பை நிறுத்தியது. ஆனால் ஓவன் எவரையும் வெளியேற்றவில்லை. இயந்திரங்களைத் துடைத்துப் பழுது பார்த்து வைக்கும் பணிக்காக, முழுக் கூலியையும் தடையின்றி வழங்கினார். இதற்கு 7,000 பவுண்டுக்கு மேல் செலவானது.

அதன் பின்னர்த் தொழிலாளர்கள் அவரது மாற்றங்களை எதிர்க்கவில்லை. கணக்குப் பார்த்தால் நான்கு மாதம் வெறும் செலவு மட்டுமே. எனினும் தேர்ந்த தொழிலாளர் சிதறிப் போகாமல் இருந்ததும், பருத்தி வரத்து மீண்டதும் ஆலை உடனே இயங்க முடிந்ததும், பின்வந்த ஆண்டுகளின் ஒத்துழைப்பும் அச்செலவின் பயன்கள் எனக் கருதப்படுகிறது.

பங்காளிகளுடன் முரண்பாடு

ஓவனின் கூட்டாளிகள் இலாபத்தை ஏற்றுக்கொண்டாலும், அது பள்ளிக்கும் குடியிருப்புக்கும் செலவழிக்கப்படுவதை விரும்பவில்லை. 1809 இல் முதற்கூட்டாளிகள் எதிர்த்தபோது, ஆலைக்கு 84,000 பவுண்டு என விலை கூறி, அவ்விலைக்கு விற்கவோ வாங்கவோ தாம் அணியம் என்று ஓவன் அறிவித்தார். அவர்கள் விலகப் புதிய கூட்டாளிகள் வந்தனர்.

புதியவர்களுடனும் அதே பூசல் எழுந்தது. ஓவன் மேலாளர் பொறுப்பிலிருந்து விலக நேரிட்டது. ஆலையைக் குறைந்த விலைக்கு வாங்க எண்ணிய எதிர்த்தரப்பினர், அதன் மதிப்பு 40,000 பவுண்டு கூட இராது எனப் பரப்பினர் என்று ஓவன் எழுதியுள்ளார். இதற்கிடையில் ஓவன் இலண்டன் சென்று, தத்துவவாதி ஜெரமி பெந்தாம், குவேக்கர் சமயத்தவரான வில்லியம் ஆலன் முதலியோரைப் புதிய பங்காளிகளாகச் சேர்த்தார். முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு மட்டுமே ஈவு, எஞ்சிய இலாபம் தொழிலாளரின் நலனுக்கும் கல்விக்கும் என்பது இவர்களது உடன்பாடு.

1813 இறுதியில் கிளாஸ்கோவில் ஏலம் நடந்தது. ஓவன் தரப்பு 114,100 பவுண்டுக்கு ஆலையை வென்றது. முந்தைய நான்கு ஆண்டுகளில் 5 விழுக்காட்டு ஈவு போக 160,000 பவுண்டு இலாபம் கிடைத்திருந்தது என ஓவன் கணக்கிடுகிறார். அவர் ஊர் திரும்பியபோது தொழிலாளர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துச் சென்றனர். ஆலை கைமாறினால் தங்கள் பிள்ளைகளின் பள்ளி என்னவாகும் என்பது அவர்களுக்கு உண்மையான அச்சமாகவே இருந்தது.

எழுத்தும் கருத்தும்

1813 முதல் ஓவன் வெளியிட்ட கட்டுரைகள் சமூகத்தைப் பற்றிய புதிய நோக்கு என்னும் பொருள்படும் நூலாகத் தொகுக்கப்பட்டன. இதன் ஒரு பகுதி ஆலை அதிபர்களை நோக்கியே எழுதப்பட்டது. இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெயிட்டு, பழுது பார்ப்பதில் எவ்வளவு அக்கறை காட்டப்படுகிறது என்பதை எடுத்துக்காட்டி, அதைவிடச் சிக்கலான உயிருள்ள இயந்திரமாகிய தொழிலாளியை அவ்வாறு பேணாதது ஏன் என வினவினார். தொழிலாளரின் நலத்திற்குத் தாம் செலவிட்ட பணம் 50 விழுக்காட்டுக்கும் மேல் வருவாய் தருகிறது என்றும் அவர் வாதிட்டார். அதிபர்களை அவர்களது சொந்த மொழியாகிய இலாபக் கணக்கிலேயே அணுகியது இவ்வாதத்தின் சிறப்பு.

கல்விப் பணி

1816 சனவரி 1 அன்று குண உருவாக்க நிலையம் என்னும் கட்டடம் திறக்கப்பட்டது. இங்கு நடந்த மழலையர் பள்ளி பிரித்தானியாவில் முதலாவதாகக் கருதப்படுகிறது. நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் இதில் சேர்க்கப்பட்டனர். அடித்தலும் மிரட்டலும் தடை செய்யப்பட்டன. படங்கள், இயற்கைப் பொருட்கள், பாட்டு, நடனம் வழியாகக் கற்பிக்கப்பட்டது. வளர்ந்தோருக்கு மாலை வகுப்புகள் நடைபெற்றன. இப்பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் புக்கானன் பின்னர் இலண்டன் சென்று அங்கும் மழலையர் பள்ளி தொடங்கினார்.

பின்னாளில் ரசியப் பேரரசரான நிக்கலசு உள்ளிட்ட பல நாட்டுப் பிரமுகர்கள் நியூ லனார்க்கைப் பார்வையிட்டனர். 1815 முதல் 1825 வரை வந்த பார்வையாளர் எண்ணிக்கை 20,000 அளவில் இருக்கும்.

தொழிற்சாலைச் சட்டம்

தம் ஆலையில் செய்ததை நாடு முழுவதும் சட்டமாக்க ஓவன் முயன்றார். 1815 இல் அவர் முன்வைத்த வரைவைப் பாராளுமன்ற உறுப்பினரும் ஆலை அதிபருமான மூத்த ராபர்ட் பீல் ஏற்று எடுத்துச் சென்றார். 1816 இல் விசாரணைக் குழுவின் முன் சாட்சியமளித்த ஓவன், வேலை நேரத்தைக் குறைத்ததால் தம் ஆலைக்கு நேர்ந்த இழப்பு மிகச் சிறிதே என விளக்கினார். ஆலை அதிபர்களின் எதிர்ப்பால் சட்டம் வலுவிழந்து 1819 இல் நிறைவேறியது. ஒன்பது வயதுக்குக் குறைந்தோரைப் பஞ்சாலைகளில் சேர்ப்பதை இது தடுத்தது. 16 வயது வரையிலானோரின் வேலையை 12 மணி நேரமாக வரையறுத்தது. ஆனால் ஆலைகளைச் சோதிக்க ஆய்வாளர்கள் எவரும் இதில் ஏற்படுத்தப்படவில்லை. எனவே நடைமுறையில் பயன் குறைவாகவே இருந்தது. ஓவன் மனநிறைவு கொள்ளவில்லை.

நியூ ஹார்மனி

1817 இல் இலண்டனில் நடந்த கூட்டங்களில் ஓவன் சமயங்களை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். அதன் பின்னர் உயர்குடியினரின் ஆதரவு குறைந்தது. ஆழ்ந்த சமயப் பற்றுடைய வில்லியம் ஆலனுடன் பள்ளிப் பாடங்கள் குறித்தும் பிணக்கு ஏற்பட்டது. ஓவனின் மனம் மெல்ல மெல்ல ஆலையை விட்டு, புதிய சமுதாயத்தையே முழுமையாகக் கட்டும் திட்டத்தின் பக்கம் திரும்பியது.

1825 இன் தொடக்கத்தில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஜார்ஜ் ராப் என்பவரைப் பின்பற்றிய செருமானியச் சமயக் குழுவினர் உருவாக்கியிருந்த ஊரையும், சுமார் 20,000 ஏக்கர் நிலத்தையும் ஓவன் விலைக்கு வாங்கினார். நியூ ஹார்மனி எனப் பெயரிட்டு, உடைமை பொதுவாக அமையும் குடியிருப்புக்கு விருப்பமுள்ள அனைவரையும் அழைத்தார். சில மாதங்களிலேயே 800 பேருக்கு மேல் வந்து சேர்ந்தனர். 1826 இல் வில்லியம் மெக்ளூர், தாமஸ் சே முதலிய அறிவியலாளர்களும் வந்தனர்.

ஆயினும் குடியிருப்பு விரைவில் தள்ளாடியது. இதற்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

* வருபவர்களைத் தெரிவு செய்ய எந்த முறையும் இருக்கவில்லை. உழவும் கைத்தொழிலும் அறிந்தவர் குறைவாகவே இருந்தனர்.
* யார் எவ்வளவு உழைத்தார் என்பதைக் கணிக்கத் தெளிவான வழி இல்லை. நிலத்தின் உரிமை யாருக்கு என்பதும் தீர்க்கப்படவில்லை.
* தொடக்கத்தின் மிக முக்கியமான மாதங்களில், 1825 நடுப்பகுதி முதல் அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை, ஓவன் ஊரிலேயே இல்லை.
* இரண்டு ஆண்டுகளுக்குள் நிர்வாக அமைப்பு பலமுறை மாற்றப்பட்டது. பிளவுண்ட குழுக்கள் தனித்தனியே பிரிந்தன.

1827 இல் முயற்சி கைவிடப்பட்டது. ஓவன் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். 1828 இல் நியூ லனார்க் பங்குரிமையிலிருந்தும் விலகினார்.

மான்செஸ்டரில் ஆறு வாரம் பேசாமல் உற்று நோக்கியவர், நியூ லனார்க்கில் நாள்தோறும் பதிவேடு எழுதச் செய்தவர், இங்கு இவற்றுள் எதையும் செய்யவில்லை. சூழல் மாறினால் குணம் மாறும் என்னும் கொள்கை இரண்டு இடங்களிலும் ஒன்றே. நியூ லனார்க்கில் அக்கொள்கையைத் தாங்கி நின்ற கணக்கும், மேற்பார்வையும், முறையீட்டு வழியும், தலைவரின் இருப்பும் நியூ ஹார்மனியில் இல்லாமற் போயின.

பிற்காலம்

இங்கிலாந்து திரும்பிய ஓவனைத் தொழிலாளர் இயக்கங்கள் தலைவராக வரவேற்றன. 1832 இல் இலண்டனில் தேசிய உழைப்புப் பரிமாற்ற நிலையத்தைத் தொடங்கினார். இங்குப் பொருட்களின் விலை அவற்றைச் செய்ய ஆன உழைப்பு நேரத்தால் கணக்கிடப்பட்டு, உழைப்புச் சீட்டுகள் வழங்கப்பட்டன. 1834 இல் இது மூடப்பட்டது. அதே ஆண்டில் தோன்றிய பெருந்தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் அரசு, முதலாளிகள் ஆகியோரின் எதிர்ப்பாலும் உட்பூசலாலும் அவ்வாண்டே கலைந்தது. ஹாம்ப்சையரில் அமைந்த குவீன்வுட் குடியிருப்பும் 1845 இல் முடிவுற்றது.

மனைவி கரோலின் 1831 இல் காலமானார். மகன்களுள் ராபர்ட் டேல் ஓவன் அமெரிக்கப் பேராயத்தின் உறுப்பினராகி, ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவாகப் பாடுபட்டார். டேவிட் டேல் ஓவன் புகழ்பெற்ற நிலவியலாளர் ஆனார். ரிச்சர்ட் ஓவன் பர்டூ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்தார். முதுமையில் மகன்கள் அளித்த தொகையைக் கொண்டே ஓவன் வாழ்ந்தார். இறுதி ஆண்டுகளில் ஆவியுலக நம்பிக்கையில் ஈடுபட்டார். 1857 இல் தன்வரலாற்றை வெளியிட்டார். 1858 நவம்பர் 17 அன்று, பிறந்த ஊரான நியூடவுனில் தமது 87 ஆம் வயதில் காலமாகிப் பெற்றோரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

விமர்சனங்கள்

நியூ லனார்க்கின் வெற்றி முழுவதையும் ஓவனின் நடைமுறைகளுக்கே உரியதாக்குவது பொருந்தாது என ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். கிளைடு அருவியின் மலிவான நீராற்றல், டேல் விட்டுச் சென்ற நல்ல அடித்தளம், நூலுக்கு இருந்த பெருந்தேவை ஆகியவையும் இலாபத்திற்குக் காரணங்கள். ஓவனைப் பற்றிய செய்திகளுள் பல அவரது முதுமையில் எழுதிய தன்வரலாற்றையே சார்ந்துள்ளன என்பதும் கவனிக்கத்தக்கது.

தொழிலாளருக்கு நிர்வாகத்தில் பங்கு எதுவும் இருக்கவில்லை என்பது மற்றொரு விமர்சனம். வீடுகளின் தூய்மை சோதிக்கப்பட்டது. குடிப்போருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. எது நல்லது என்பதை ஓவனே முடிவு செய்தார். 1819 இல் ஆலையைப் பார்வையிட்ட கவிஞர் ராபர்ட் சதே, பலவற்றைப் பாராட்டினாலும், அடிப்படையில் இது அடிமைத் தோட்டம் ஒன்றினின்று பெரிதும் வேறுபட்டதன்று என்னும் கருத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஆலையில் நூற்கப்பட்ட அமெரிக்கப் பருத்தி அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதையும் இன்றைய வரலாற்றாசிரியர்கள் நினைவூட்டுகின்றனர். கார்ல் மார்க்சும் பிரெடரிக் ஏங்கெல்சும் ஓவனைக் கற்பனாவாத சோசலிசவாதிகளுள் ஒருவராக வகைப்படுத்தினர். எனினும் அவரது ஆலைப் பணியை ஏங்கெல்சு பாராட்டியுள்ளார்.

தாக்கம்

ஓவனின் குடியிருப்புகள் மறைந்தாலும் அவரது கருத்துகள் வேறு வடிவில் நிலைத்தன. 1844 இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை தொடங்கிய 28 பேருள் பலர் ஓவனைப் பின்பற்றியவர்கள். ஓவன் விட்டுவிட்டவற்றை இவர்கள் கவனத்துடன் செய்தனர். கடன் கொடுக்கவில்லை, கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டினர், ஆளுக்கொரு வாக்கு என விதித்தனர், வாங்கிய அளவுக்கு ஏற்ப இலாபத்தைப் பகிர்ந்தனர். இந்த முன்மாதிரி உலகெங்கும் பரவியது. 1904 இல் சென்னையில் தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் ரோச்டேல் முறையைத் தழுவியதே ஆகும்.

தொழிலாளரை நடத்தும் முறைக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பு 20 ஆம் நூற்றாண்டில் முறையான ஆய்வுப் பொருளாயிற்று. 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஹாத்தோர்ன் ஆலையில் நடந்த சோதனைகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. 2008 இல் தொடங்கி மும்பைக்கு அருகிலுள்ள துணி ஆலைகளில் நிக்கலசு புளூம் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினர். ஆலைகளுள் சிலவற்றுக்கு மட்டும் தரக் கட்டுப்பாடு, இருப்புக் கணக்கு, இயந்திரப் பராமரிப்பு முதலியவற்றில் ஆலோசனை அளித்து, மற்றவற்றுடன் ஒப்பிட்டனர். ஆலோசனை பெற்ற ஆலைகளில் முதலாண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்ததாக 2013 இல் வெளியான கட்டுரை தெரிவித்தது. ஒப்பிட வேறு ஆலை இல்லாமல் ஓவன் தம் ஒரே ஆலையைக் கொண்டு வாதிட்டதை, இவ்வகை ஆய்வுகள் உறுதியான முறையில் சோதிக்கின்றன எனலாம்.

நியூ லனார்க் ஆலை 1968 வரை இயங்கியது. அதன் பின் பாழடையத் தொடங்கிய ஊரைக் காக்க 1974 இல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. 2001 இல் யுனெசுகோ நியூ லனார்க்கை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.